மேடம், பிடிஎஃப் இருக்கா?

என் நாவல் வெளிவந்ததிலிருந்து அதற்கு அதிகமாக வந்திருக்கும் எதிர்வினை எது தெரியுமா? "மேடம் வணக்கம், பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க." நன்றாக இருக்கிறது, இழுவையாக இருக்கிறது, கடைசி அத்தியாயம் ஒட்டவில்லை என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். சிலர் வணக்கம்கூடச் சொல்வதில்லை. "பிடிஎஃப்?" என்று ஒரே சொல், பக்கத்தில் கும்பிடு போடும் பொம்மை.

ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். இந்தப் பதிப்பகத்தில் கிடைக்கும், விலை 280 ரூபாய், தபாலிலும் அனுப்புவார்கள் என்று. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். அதோடு ஆள் காணாமல் போய்விடுவார். அவர்களாவது பரவாயில்லை. சிலர் விடமாட்டார்கள். "எனக்கு பிடிஎஃப்லதான் படிச்சுப் பழக்கம் மேடம்" என்பார்கள். சரி, மின்னூலாகவும் இருக்கிறது, கிண்டிலில் 99 ரூபாய் என்று சுட்டியை அனுப்பினால், "கிண்டில்ல கண்ணு வலிக்குது மேடம்." பிடிஎஃப்பில் வலிக்காத கண் கிண்டிலில் மட்டும் வலிக்கிறதாம்! 99 ரூபாய்தான் வலிக்கிறது என்று நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது ஓர் ஏழை மாணவனைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்துவீர்கள். அந்த மாணவனை எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், தினமும் பார்க்கிறேன். அவன் பிடிஎஃப் கேட்பதில்லை. "புக்கு லைப்ரரில இருக்குமா மிஸ்?" என்றுதான் தயங்கித் தயங்கிக் கேட்பான். அவனுக்குக் கொடுக்க என் பையில் எப்போதும் ஒரு பிரதி இருக்கும். என்னிடம் பிடிஎஃப் கேட்கிறவர்களின் முகப்புப் படத்தைப் பார்த்தால், ஒருவர் புதுக்கார் பக்கத்தில் மாலையோடு நிற்கிறார். இன்னொருவர் பாலியில் குடும்பத்தோடு ஊஞ்சல் ஆடுகிறார். தியேட்டர் இடைவேளையில் ஒரு வாளி பாப்கார்னுக்கும் ரெண்டு கோக்குக்கும் கேட்ட காசை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் இவர்கள். புத்தகம் என்று வந்தால் மட்டும் திடீரென்று வறுமைக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறார்கள்.

அப்புறம் கேட்காமலே எடுத்துக்கொள்கிறவர்கள். போன மாதம் ஒரு தோழி என் நாவலின் பிடிஎஃப்பை எனக்கே அனுப்பிவைத்தாள், "இது உன்னுதுதானே?" என்று. ஏதோ ஒரு குழுவில் சுற்றிக்கொண்டிருந்ததாம். திறந்து பார்த்தேன். யாரோ போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடதுபக்கத்தின் ஓரத்திலும் புத்தகத்தை அமுக்கிப் பிடித்த ஒரு கட்டைவிரல், நகத்தில் பாதி அழிந்த மருதாணி. நாற்பதாம் பக்கத்துக்கு மேல் வெளிச்சம் மாறுகிறது. பகலில் ஆரம்பித்து டியூப்லைட்டில் முடித்திருக்கிறார்கள் போல. நாவல் முழுக்கக் குறுக்கே சாய்வாக அந்தக் குழுவின் பெயரும், "மேலும் நூல்களுக்கு எங்களுடன் இணையுங்கள்" என்ற அழைப்பும். என் அப்பாவுக்கு நான் எழுதியிருந்த சமர்ப்பணத்தின் மேலேயும் அந்த முத்திரை. இதில் உச்சம் என்னவென்றால், "பதிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி இந்நூலின் எந்தப் பகுதியையும் நகலெடுக்கக் கூடாது" என்று அச்சிட்ட பக்கத்தையும் விடாமல், நடுவாகப் பிடித்து, எழுத்து கலங்காமல் எடுத்திருக்கிறார்கள். என்ன ஒரு சிரத்தை!

கீழே பின்னூட்டங்கள். "அருமையான சேவை தோழர்." "தமிழ்த் தொண்டு தொடரட்டும்." தொண்டு செய்தவர் அந்த மருதாணி விரல்காரர். நான் யார் என்று அங்கே யாருக்கும் கவலையில்லை.

காப்புரிமைச் சட்டம் 1957-இலிருந்து இருக்கிறது. 63-ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம் என்றெல்லாம் போட்டிருக்கிறது. படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. இதைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "கதைப் புஸ்தகமாம்மா? என் சம்சாரம் நல்லா படிக்கும், அந்த பிடிஎஃப்பை எனக்கும் தட்டி விடுங்க" என்று கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயம்.

இனிக் கணக்குக்கு வருவோம். எழுத்தாளர் என்றால் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 280 ரூபாய்ப் புத்தகத்தில் வழக்கமான ராயல்டி பத்து சதவீதம், அதாவது 28 ரூபாய். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1000, 1200 பிரதி அடிப்பார்கள். இப்போது என்னைப் போன்றவர்களுக்கு 300 அடித்தாலே பதிப்பாளர் கையைப் பிசைகிறார். முந்நூறும் விற்றுத் தீர்ந்தால் எனக்கு 8,400 ரூபாய். தீர்வதற்கு ரெண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவும் ராயல்டியை ஒழுங்காகக் கொடுக்கிற பதிப்பாளர் வாய்த்தால். இந்த நாவலுக்காகச் சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கொட்டகைகளில் நான் அலைந்த பஸ் செலவுக்கே அது காணாது. தறிக்கு நூலைத் தாராகச் சுற்றுகிற பெண்கள் தறிச் சத்தத்துக்கு நடுவே எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே அத்தனை நாள் போய் உட்கார்ந்தேன். காது ரெண்டும் அடைத்துப்போய் வீட்டுக்கு வருவேன். அதெல்லாம் என் ஆசைக்குச் செய்தது, அதற்குக் கூலி கேட்கவில்லை. அந்த 28 ரூபாயைத்தான் கேட்கிறேன். ஒரு டீ, ஒரு வடை காசு.

இதைச் சொன்னால் உடனே தத்துவம் வரும். "எழுத்து ஒரு தவம் இல்லையா மேடம்? அறிவை விற்கலாமா?" தவமாகவே இருக்கட்டும். காகிதம் கொடுத்த மில்காரர் தவம் செய்யவில்லை. அச்சகக்காரர் பில் போட்டுத்தான் கொடுக்கிறார். அட்டைப்படம் வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர், கூரியர்க்காரர் எல்லாருக்கும் காசு போகிறது. சங்கிலியில் எழுதினவள் ஒருத்தி மட்டும் காற்றைக் குடித்து வாழவேண்டுமாம்.

பாரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-இல் தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சடிக்கப்போவதாகத் திட்டம் போட்டு, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக என் புத்தகம் தமிழ்நாட்டில் விற்கும் என்று அதில் சத்தியம் பண்ணாத குறையாக எழுதினார். பணம் வரவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் அவருக்குச் சிலை வைத்தோம், மணிமண்டபம் கட்டினோம், பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டியில் முண்டாசு கட்டிவிடுகிறோம். பாரதிக்குத் தமிழ்நாட்டில் அன்புக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அந்த நேரத்தில் புத்தகத்துக்குக் காசு கொடுக்கிற ஆள். புதுமைப்பித்தன் கதையும் அதேதான். 1948-இல், காசநோயில், கையில் காசில்லாமல்.

சரி, காசு கொடுக்காமல் படிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் படியுங்கள். இந்தியாவில் தமிழ்நாட்டு வாசகனுக்கு இருக்கிற வசதி பல மாநிலத்தில் கிடையாது. பாரதியின் எழுத்தை 1949-இலேயே அரசு வாங்கி, சில வருஷத்தில் பொதுவுக்குக் கொடுத்துவிட்டது. புதுமைப்பித்தன் உட்பட எத்தனையோ பேருடைய எழுத்து நாட்டுடைமை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். 1998-இலிருந்து மதுரைத் திட்டம் என்ற பெயரில், பல நாட்டில் இருக்கிற தமிழர்கள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிவைத்திருக்கிறார்கள். அதுதான் தொண்டு. ஓர் ஆயுசுக்குப் படித்தாலும் தீராது. ஆனால் நமது பிடிஎஃப் அன்பர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். போன ஜனவரியில் வந்ததுதான் வேண்டும், அதுவும் சும்மா வேண்டும். என்னுடையதைச் சட்டப்படி இலவசமாகப் படிக்கவும் வழி இருக்கிறது. நான் செத்து 60 வருஷம் பொறுங்கள்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் நூலகம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. நீங்கள் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். ஆக, காசை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்! கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எல்லாம் சேர்த்து மாநிலத்தில் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும். அங்கே போய் நூலகரிடம் "இந்தப் புத்தகத்தை வாங்கிப் போடுங்கள்" என்று கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஒரு பிரதி வாங்கினால் ஐம்பது பேர் படிப்பார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, சந்தோஷம்தான். ஆனால் அதற்கு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கவேண்டுமே. மெசேஜ் தட்டுவது சுலபம்.

புத்தகக் கண்காட்சி இன்னொரு கூத்து. சென்னை நந்தனமாகட்டும் கோவை கொடிசியாவாகட்டும், அரங்கில் உட்கார்ந்திருப்பேன். ஒருவர் வருவார், புத்தகத்தை எடுப்பார், பின்னட்டையை முழுக்கப் படிப்பார், முன்னட்டையைப் படம் எடுப்பார், விலையைப் பார்ப்பார், வைத்துவிடுவார். "பத்து சதவீதம் கழிவு இருக்கு சார்" என்று கடைப்பையன் சொல்வான். "ஆன்லைன்ல பாத்துக்கறேம்பா." அப்புறம் என் பக்கம் திரும்பி, "மேடம், ஒரு செல்ஃபி?" எடுத்த செல்ஃபியைச் சாயங்காலம் போட்டு, "என் ஆதர்ச எழுத்தாளருடன்" என்று எழுதுவார். ஐயா, நான் எழுதின ஒரு வரியாவது படித்திருக்கிறீர்களா? கையில் டெல்லி அப்பளம் வேறு, எண்ணெய்க் கையோடு என் புத்தக அட்டையைத் தொட்டுவிட்டுப் போகிறார்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் பற்றி எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். "வரும்போது ஒரு இருபது பிரதி எடுத்துட்டு வாங்க மேடம், மேடையில் இருக்கறவங்களுக்கு அன்பளிப்பா கொடுத்துடலாம்." யார் அன்பளிப்பு? என் புத்தகத்தை நானே பதிப்பாளரிடம் கழிவு போகக் காசு கொடுத்து வாங்கி, சொந்தச் செலவில் பஸ் ஏறித் தூக்கிக்கொண்டு போய், அதைப் பிரித்துக்கூடப் பார்க்காத வட்டாரப் பிரமுகருக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பாலியஸ்டர் பொன்னாடை வாங்கி வரவேண்டும். பீரோவில் சேலை வைக்க இடமில்லை, பொன்னாடையாக இருக்கிறது.

இப்படியே எழுதினால் எல்லா வாசகர்களும் இப்படித்தான் என்று சொல்கிறேனோ என்று தோன்றும். இல்லை. கருமத்தம்பட்டிப் பக்கம் ஓர் அண்ணன், கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். நாவலை 280 ரூபாய் கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, பதிப்பகத்தில் என் நம்பர் கேட்டு வாங்கிக் கூப்பிட்டார். பாராட்டுவார் என்று பார்த்தால், எடுத்த எடுப்பில் சண்டை. "ஏனுங்க, அந்தப் புள்ளைய எதுக்குங்க திரும்ப ஊருக்கே கூட்டிட்டு வந்து விட்டீங்க? அது திருப்பூர் போய்ப் பொழச்சிருக்குமல்லொ?" நான் காரணம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. தன் தங்கை கதையைச் சொன்னார், அவள் போனாளாம், நன்றாக இருக்கிறாளாம். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. பின்னால் தறி ஓடிக்கொண்டே இருந்ததால் ரெண்டு பேரும் கத்திக் கத்தித்தான் பேசினோம். கடைசிவரை "நல்ல நாவல்" என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. போனை வைக்கும்போது, "அடுத்தது எழுதினா சொல்லுங்க, வாங்கிக்கறேன். ஆனா இப்படி முடிக்காதீங்க" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு யோசனை. இந்த ஆளோடு ஆயுசுக்கும் சண்டை போடலாம். என்னை அவர் மேடம் என்றுகூடக் கூப்பிடவில்லை.

அடுத்த நாவல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இந்த முறை முதலில் நூறு பிரதிதான் அடிப்போம், தீர்ந்தால் மறுபடி நூறு என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முன்பதிவு ஆரம்பிக்கும்போது ஜிபே எண் போடுகிறேன், வேண்டியவர்கள் பணம் அனுப்பி முகவரி கொடுங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறேன். பிடிஎஃப் கேட்டு வருகிறவர்களுக்கு இனிமேல் விளக்கம் கிடையாது, நேராக ப்ளாக்தான். அக்கா என்று கூப்பிட்டாலும் சரி, ஆதர்ச எழுத்தாளர் என்று கூப்பிட்டாலும் சரி.