எழுத்து திரும்புவதற்குத் தமிழ் காரணமில்லை

முதலாம் வகுப்பிலேயே தமிழும் சேர்த்துப் படிப்பதால்தான் பிள்ளைகள் ஆங்கிலச் சின்ன பி-யை (b) டி (d) போல இடவலம் திருப்பி எழுதுகிறார்கள் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறீர்கள். அப்படி இல்லைங்க. ஒரே எழுத்துமுறை படிக்கும் பிள்ளைகளும் ஐந்து, ஆறு வயதில் இப்படித்தான் எழுதுவார்கள், ஏனென்றால் நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் நாற்காலிதான் என்று பழகிய மூளைக்கு, எழுத்தில் மட்டும் பக்கம் முக்கியம் என்பது புதுச் செய்தி. பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டிச் சரியாகிவிடும். சந்தேகமா? நம் மொரீஷியஸில் தமிழ் விருப்பப் பாடம்தானே, அதை எடுக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், அப்புறம் 3, 7, பெரிய ஜே மூன்றையும் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் பார்த்து நிற்கும் இந்த மாதிரி உருவங்கள்தான் அதிகம் திரும்பும்.