பந்த்தோட 27 கோடி நம்ம வரிப்பணமா?

ஐபிஎல் கிரிக்கெட்ல ரிஷப் பந்த்துக்கு குடுக்கற 27 கோடி நம்ம வரிப்பணம்தான்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது, தப்புங்க. 2025 சீசன் ஏலத்துல அவரை எடுத்தது லக்னோ டீம், அது பிரைவேட் கம்பெனி, சம்பளம் அவங்க கணக்குல இருந்துதான் போகும், அதுலயும் அந்த ஏலத்துல ஒரு டீம் மொத்த பிளேயர்ஸுக்கும் சேத்து 120 கோடிதான் லிமிட்டா இருந்துச்சு. டீமுக்கு காசு ஏதுன்னா, முக்கியமா மேட்ச்ச காட்டற டிவி, ஆன்லைன் ரைட்ஸ், அத 2023-27க்கு இந்திய கிரிக்கெட் போர்டு (பிசிசிஐ) 48,390 கோடிக்கு வித்துச்சு, அதுல டீம்களுக்கும் பங்கு உண்டு. இன்னும் சொல்லப்போனா பந்த்துதான் அந்த சம்பளத்துக்கு இன்கம்டாக்ஸ் கட்டணும்! பொதுச்சொத்து பத்தி கேக்கணும்னா ஸ்டேடியத்த கேளுங்க. சேப்பாக்கம் இடம் தமிழ்நாடு அரசோடது, கிரிக்கெட் சங்கம் குத்தகைக்குத்தான் வச்சிருக்கு, அந்த வாடகை சரியான ரேட்டான்னு கேட்டா நானும் கூட வரேன்.