ஓகே கைபேசியில் பிறந்ததல்ல
ஆங்கிலத்தை வேண்டுமென்றே பிழையாக எழுதி விளையாடுவது கைபேசி வந்தபின் தொற்றிய பழக்கம் என்கிறது ஒரு கட்டுரை. அப்படியானால் ராமேஸ்வரம் ஜெட்டியில் மீன் ஏலம் படியும்போது சொல்லும் 'ஓகே' எந்தக் கைபேசியில் பிறந்தது? 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அச்சேறிய கேலி அது. 'ஆல் கரெக்ட்' என்பதன் முதலெழுத்துகள் ஏ, சி. அதை ஓ, கே என்று தொடங்கும்படி தப்பாக எழுதிச் சுருக்கினார்கள். 'ஆல் ரைட்'டும் இதே வழியில் ஓ.டபிள்யூ. ஆனது, ஆனால் நிலைக்கவில்லை. ஓகே தப்பித்ததற்கு 1840 அமெரிக்கத் தேர்தல் முக்கியக் காரணம்: அதில் மீண்டும் போட்டியிட்ட அதிபர், கிண்டர்ஹூக் ஊர்க்காரர் வான் பியூரனின் பட்டப்பெயர் 'ஓல்டு கிண்டர்ஹூக்', சுருக்கினால் அதே இரண்டெழுத்து. ஆள் தோற்றார், சொல் பாம்பன் கடல்வரை வந்துவிட்டது. கணினி விளையாட்டில் எதிராளியை அடித்து வீழ்த்தியதைச் சொல்லும் 'பி-டபிள்யூ-என்' (pwn) வேறு ரகம். விசைப்பலகையில் 'ஓ'வுக்கு அடுத்தது 'பி'. 'ஓன்' (own) என அடிக்கப்போய் விரல் தவறியது என்பதே பரவலான விளக்கம்.