கெப் விலை இறங்காதாம், ஹைபிரிட் செத்த சாமானாம்!

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் போன கிழமை நடந்த வாகன எக்ஸ்சேஞ் விசயம் உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். முழுக்கதையையும் திரும்ப எழுதப் போவதில்லை. ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டொயோட்டா அக்வாவை (பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் கார்) கொடுத்து, மேல்காசுக்கு லீசிங்கும் போட்டு, பழைய டபிள் கெப் (பின்னால் திறந்த பெட்டி உள்ள பிக்கப்) ஒன்றை எடுத்து வந்திருக்கிறார். தரகர் அவருக்குச் சொன்ன ஒரே நியாயம் இதுதான்: "சேர், ஹைபிரிட் செத்த சாமான். கெப் எண்டா பவுண் மாதிரி. எப்ப வித்தாலும் போட்ட காசு வரும்."

அதற்கு ஒரு சின்னக் கணக்கு எழுதினேன். "படிச்ச ஆக்களின்ர கணக்கு பேப்பரில மட்டும்தான் சரிவரும்" என்று பதில் வந்தது, அதுவும் சிரிப்புக் குறிகளோடு. சரி, பேப்பரிலேயே வைத்துக்கொள்வோம். லீசிங் கையெழுத்தும் பேப்பரில்தானே போட்டது.

விற்கும்போது கைக்கு எவ்வளவு வருகிறது என்பது கேள்வியே இல்லை. வாங்கியதற்கும் விற்றதற்கும் நடுவில் எவ்வளவு போனது என்பதுதான் கேள்வி. இதை எத்தனை தரம் சொன்னாலும் "கெப்புக்கு நல்ல விலை கிடைக்கும்" என்ற இடத்திலேயே வந்து நிற்கிறார்கள். நல்ல விலை கிடைக்கும்தான். நல்ல விலை கொடுத்துத்தானே வாங்கினீர்கள்?

வட்ட எண்களில் போடுவோம், உங்கள் எண்களை நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹைபிரிட் கார் 70 இலட்சம், கெப் 130 இலட்சம். ஐந்து வருடத்தில் கார் 30 வீதம் இறங்குகிறது, கெப் 20 வீதம்தான் இறங்குகிறது என்று கெப் பக்கமே சாய்த்து வைக்கிறேன். காரில் போனது 21 இலட்சம். கெப்பில் போனது 26 இலட்சம். வீதத்தில் கெப் வென்றது, ரூபாயில் தோற்றது. கடையில் வீதத்தைக் கொடுத்துச் சாமான் வாங்க முடியாது.

இன்னும் முடியவில்லை. கெப்புக்காக மேலதிகமாகப் போட்ட 60 இலட்சம் வங்கியில் 8 வீதத்தில் கிடந்தால் வருடத்துக்கு 4.8 இலட்சம், ஐந்து வருடத்துக்கு 24 இலட்சம். லீசிங் என்றால் இதை விடக் கூடும், அதைச் சொல்லி யாரையும் நோகடிக்க விருப்பமில்லை. எண்ணெய்க்கு வருவோம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடினால், லீற்றருக்கு 20 தரும் ஹைபிரிட்டுக்கு 75 லீற்றர், 10 தரும் கெப்புக்கு 150 லீற்றர். பெற்றோலும் டீசலும் 300 ரூபாய் என்று வைத்தால் ஐந்து வருடத்தில் காருக்கு 13.5 இலட்சம், கெப்புக்கு 27 இலட்சம். காரில் பற்றரி ஒரு தரம் மாற்ற வேண்டிவரும் என்று 5 இலட்சத்தையும் சேருங்கள். விலை இறக்கம், வட்டி, எண்ணெய், பற்றரி எல்லாம் கூட்டினால் கார் 39.5 இலட்சம், கெப் 77 இலட்சம். கெப்பின் ரயர், இன்ஜெக்டர் ஒன்றையும் நான் இன்னும் தொடவில்லை.

வித்தியாசம் 37.5 இலட்சம். மாதத்துக்கு 62,500 ரூபாய். அந்தக் கெப் செலவு போக மாதம் 62,500 உழைத்துத் தருமென்றால் தாராளமாக எடுங்கள், நானே வந்து பார்த்துத் தருகிறேன். பென்சன் எடுத்துக்கொண்டு, காலையில் கோணேசர் கோயிலுக்கும் பின்னேரம் பேரப்பிள்ளையின் டியூசனுக்கும் ஓடுகிற மனுசனுக்கு அது எப்படி உழைக்கும்?

"2019இல் வாங்கின கெப்பை 2023இல் கூட விலைக்கு விற்றோம், இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் மட்டுமா விற்றீர்கள்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த வாகனம்தான் கைமாறியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அக்வா, வகன் ஆர், பழைய லான்சர் எல்லாமே ஏறியது. ஏறியது கெப் இல்லை, விழுந்தது ரூபாய். அந்த நேரத்து விலையை வைத்து, இறக்குமதி திறந்த பிறகும் "கெப் இறங்காது" என்று சத்தியம் செய்வது என்ன நியாயம்? இன்னொன்று, 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. அதன் பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். அந்த 20 லீற்றரில் 400 கிலோமீற்றர் ஓடிய காரை அப்போது யாரும் செத்த சாமான் என்று சொல்லவில்லை.

அடுத்தது பற்றரிப் பூதம். "பற்றரி போனா காரையே வீசணும்." இதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் ஒரு பற்றரிப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்?

பெட்டிக்குள் இருப்பது மொடியூல் எனும் சின்னப் பற்றரிகளின் வரிசை. அக்வாவில் 20 மொடியூல், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைட். மூடியைக் கழற்றினால் மொடியூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் செப்புத் தகடுகள் வரிசையாகத் தெரியும். நம்ம ஊர்க் காரில் பல நேரம் அந்தத் தகட்டில் பச்சை பூத்திருக்கும். கடற்காற்று உப்பும் ஈரமும் செய்கிற வேலை அது. தகட்டில் தடை கூடினால், மொடியூல் நல்லதாக இருந்தாலும் அந்தப் பகுதி வோல்ட் குறைவாகக் காட்டும், டாஷ்போர்டில் எச்சரிக்கை முக்கோணம் எரியும், பற்றரிக் கோளாறைச் சொல்லும் பி0ஏ80 கோட் விழும். உடனே "பற்றரி போச்சு" என்பார்கள். போகாமலும் இருக்கலாம். பற்றரி மின்சாரத்தைத் துண்டிக்கும் செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, இன்சுலேற்றட் கையுறை போட்டு, தகடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து அல்லது புதிதாக மாற்றி, நட்டை 5.4 நியூட்டன் மீற்றரில் இறுக்க வேண்டும். அளவு பார்த்து இறுக்கும் டோர்க் ரென்ச் இல்லாமல் கைப்பலத்தில் இறுக்கினால் போல்ட் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து சுற்றிவிடும், அதோடு அந்த மொடியூலும் போய்விடும். இது வீட்டு முற்றத்தில் செய்கிற வேலை இல்லை, தெரிந்த கராஜில் செய்யுங்கள்.

மற்றது காற்றுத் துவாரம். அக்வாவில் பின் சீற்றின் அடியில் இருக்கிறது. பற்றரியைக் குளிர வைக்கிற காற்று அதனால்தான் உள்ளே போகிறது. அதற்கு முன்னால் பாய், பை, செருப்பு, குழந்தையின் போர்வை எல்லாம் திணித்துவிட்டு, ஃபான் தூசியால் அடைபட்டு, சூட்டில் மொடியூல் செத்த பிறகு ஜப்பான்காரனைத் திட்டுகிறார்கள். ட்ரபிக்கில் ஏசி போட்டுக்கொண்டு கியரை 'என்'னில் (நியூட்ரல்) வைத்து நிற்பதும் அப்படித்தான். 'என்'னில் பற்றரி சார்ஜ் ஆகாது, இறங்கிக்கொண்டே இருக்கும். 'டி'யில் (டிரைவ்) பிரேக்கை மிதித்து நில்லுங்கள், அல்லது 'பி'யில் (பார்க்) போடுங்கள்.

ஒரு மொடியூலை மட்டும் மாற்றித் தரும் ஆட்களிடமும் கவனம். பழையது பத்தொன்பதோடு ஒரு புதியது சேர்ந்தால், கொஞ்ச நாளில் அடுத்த பலவீனமானது விழும். விற்பதற்கென்றே செய்கிற வேலை அது. வாங்கப் போகிறவர்கள் காரின் கோட்டை வாசிக்கும் ஸ்கானரைப் போட்டு "கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்" என்ற வரியைப் பாருங்கள். 15 கிலோமீற்றர் என்று காட்டினால் காலையில்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். டாஷ்போர்டில் தெரியும் பற்றரிக் கட்டம் சில நிமிடத்தில் நிரம்பி, சில நிமிடத்தில் அடியில் விழுந்தால் கொள்ளளவு போய்விட்டது.

ஹைபிரிட் எல்லாம் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. ஹொண்டாவின் ஃபிட் ஜீபி5, முதல் வெசல் என்ற ஹைபிரிட் இரண்டிலும் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி. ஜப்பானிலேயே திரும்பத் திரும்ப ரீகோல் செய்தார்கள் (பிழை திருத்தக் கார்களைத் திருப்பி அழைத்தார்கள்), பிறகு ஹொண்டாவே அந்த முறையைக் கைவிட்டது. அதன் விலை இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தூக்கி அக்வாவின் தலையில் போடாதீர்கள்.

இனிப் பவுண் பக்கம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸும் மீனும் ஏற்றிய கெப்பின் பின்பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள். உப்புத் தண்ணீர் ஓட்டைகளால் வடிந்து நேரே அடிச்சட்டமான சேசிஸில் விழும். நிலாவெளி, இறக்கக்கண்டிக் கரையில் போட் இழுத்த கெப் என்றால் பெட்டிச் சேசிஸின் உள்ளே மணல் கட்டியாக உறைந்து, தண்ணீர் வடிகிற துளையை அடைத்திருக்கும். வெளியே புதிதாக அடியில் பூசிய கறுப்பு அண்டர்கோட் பளபளக்கும். பளபளத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்பெயார் ரயரை இறக்கி, மேலே இருக்கும் குறுக்குச் சட்டத்தையும் பின் லீப் ஸ்பிரிங் தொங்கும் இடத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் இரும்பு, பொத்தென்றால் துரு. பின் அச்சில் இருக்கும் டிஃப்ரென்ஷலின் ஒயில் போல்ட்டைத் திறந்து விரலை விடுங்கள், பால் கோப்பி நிறத்தில் வந்தால் கடல் தண்ணீர் குடித்திருக்கிறது. சேசிஸ் இலக்கத்தை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து வாசியுங்கள். அது துருவில் அழிந்திருந்தால் பெயர் மாற்றும்போது அலைய வேண்டிவரும்.

பழைய 3.0 டி-4டி டீசல் இஞ்சின் ஹைலக்ஸ் கெப் என்றால் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷரை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். அது கசிந்தால் கரி ஒயிலுக்குள் இறங்கி, ஒயில் தேங்கும் சம்ப்பின் வடியை அடைத்து, ஒயில் பிரஷர் இல்லாமல் இஞ்சினே போகும். பழைய மிட்சுபிஷி எல்200 கெப்பில் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் யாரும் பூதம் என்று பெயர் வைக்கவில்லை. கெப் என்றால் "ரிப்பெயார்", ஹைபிரிட் என்றால் "செத்த சாமான்".

"கெப் எண்டா ரெண்டு நாளில விற்கலாம்." ஓம், கெதியாக விற்கும். அவசரக்காரனுக்கு அது நல்லது. வேறென்ன. "கரண்ட் கார் வந்துட்டுது, ஹைபிரிட் முடிஞ்சுது." இருக்கலாம், அப்படியென்றால் டீசல் கெப் மட்டும் தப்புமா?

"நீ யாருக்கு ஏஜென்ட்?" என்று கேட்டிருக்கும் தம்பிக்கு: யாருக்கும் இல்லை. கணக்குக் கேட்டால் கணக்கால் பதில் சொல்லுங்கள். என்னை எதையும் கேளுங்கள், ஆனால் அறுபது தாண்டிய ஒரு மனுசன் தன் பென்சன் காசை உங்கள் வாய்ப்பேச்சை நம்பிப் போட்டிருக்கிறார், அதற்கு ஒரு சிரிப்புக் குறி போடுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவருக்குக் கெப் ஏன் பிடித்தது என்பதும் தெரியும். கலியாண வீட்டுக்குக் கெப்பில் போய் இறங்கினால் வாசலில் எழும்பி நிற்கிறார்கள், அக்வாவில் போனால் "அந்தப் பக்கம் நிப்பாட்டுங்கோ" என்கிறார்கள். அந்த மரியாதைக்கும் மாதம் 62,500 கொடுக்கலாம் என்றால் கொடுங்கள், அது உங்கள் காசு. முதலீடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் வாகனத்துக்குக் கணக்குப் போட வேண்டும் என்றால் வாங்கிய விலை, வாங்கிய வருடம், மாதம் ஓடும் கிலோமீற்றர், லீசிங் வீதம் நாலையும் கீழே எழுதுங்கள். "அண்ணே எது நல்லம்?" என்று மட்டும் கேட்பவர்களுக்குப் பதில் இல்லை.