கோட்டைக்கு அரை மணித்தியாலம், கடைக்கு ஒன்றரை மணித்தியாலமா?

மட்டக்களப்பிலிருந்து ‘தென்னிலங்கைச் சுற்றுலா’ என்று வான் ஓட்டுகிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன். நோட்டீசில் முதல் படமாகக் காலிக் கோட்டையைப் போடுகிறீர்கள். அதைப் பார்த்துத்தான் சனம் காசு கட்டுகிறது. அப்படியிருக்க அந்தக் கோட்டைக்கு மட்டும் ஏன் அரை மணித்தியாலம்? அதுவும் மண்டையைப் பிளக்கிற உச்சி வெயிலில்?

இரவு கல்லடியில் ஏறினோம். அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று உருண்டு கதிர்காமத்தில் விடிந்தது. அங்கே கும்பிட நேரம் தந்தார்கள், அதில் குறையில்லை. அதற்குப் பிறகுதான் கூத்து. வழியில் ஒரு மூலிகைத் தோட்டம், அங்கே எண்ணெய் தேய்த்துக் காட்டி ஆளுக்கொரு போத்தலைத் தலையில் கட்டினார்கள். அப்புறம் முந்திரிக் கடை. அப்புறம் சாப்பாடு என்று ஒரு கடை. சோறு ஆறிப்போயிருந்தது, விலை மட்டும் சுட்டது. காலிக்குள் நுழைந்ததும் சாரதி சொன்ன முதல் வசனம்: “எல்லாரும் ஒரு மணிக்கு வானுக்குள்ள இருக்கணும், பத்திக் துணிக் கடைக்குப் போகணும்.” அப்போது நேரம் பன்னிரண்டரை.

வெளிச்சவீட்டடியில் இறக்கிவிட்டார்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள். அந்த வெளிச்சவீடு பிரித்தானியர் காலத்தில், 1939 இல் கட்டியது. அந்தக் கோட்டையில் வயது குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. எங்கள் வானில் வந்தவர்களில் பாதிப்பேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு, ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்தாயிற்று என்று நம்பித் திரும்பி வந்தார்கள். அவர்களில் பிழையில்லை. சொல்லித்தர ஒருவரும் வரவில்லை, சுற்றிப் பார்க்க நேரமும் தரவில்லை.

பழைய வாசலுக்குப் போகவே இல்லை. வெளிப்பக்கம் பிரித்தானிய அரச சின்னம், உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், அதில் இரண்டு சிங்கம், ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. ஒரே வாசலில் இரண்டு ஆட்சி. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே கிடைக்கும்? பெரிய கோவில் என்று ஒல்லாந்தர் சொன்ன 1755 ஆம் ஆண்டுத் தேவாலயத்தில் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. கடல் ஏறி இறங்கும்போது தானாகவே கழுவுப்படும்படி ஒல்லாந்தர் நிலத்துக்கு அடியில் கட்டிய வடிகால்களைப் பற்றி வானில் ஒருவருக்கும் தெரியாது.

எங்களுக்கு அது யாரோ ஒருவருடைய ஊர்க் கோட்டையும் இல்லை. புளியந்தீவில் வாவிக்கரையில் நிற்கும் எங்கள் கோட்டையைத் தினம் தினம் தாண்டிப் போகிறவர்கள் நாங்கள். ஒல்லாந்தர் இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து முதன்முதல் பிடித்த கோட்டை அதுதான், 1638 இல். கண்டி அரசன் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு கைகோத்திருந்த காலம். மட்டக்களப்பில் கால் ஊன்றியவர்கள் அடுத்த ஆண்டு திருகோணமலை, 1640 இல் காலி என்று போனார்கள். எங்கள் கோட்டை நாலு கொத்தளத்தோடு சின்னதாக நின்றுவிட்டது. காலியில் பதினான்கு கொத்தளம், உள்ளே ஒரு முழு ஊர். ஒரே கையின் தொடக்கத்தையும் முழு வேலையையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பை ஒரு பத்திக் கடைக்காகப் பறித்தார்கள்.

தமிழ்க் கதையும் உண்டு. 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளிலும் வெட்டிய கல் ஒன்று 1911 இல் காலியில்தான் அகப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் கே கொண்டுவந்த கல். தேவேந்திரமுனையில் இருந்த தென்னாவரம் நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைத் தமிழில் வரிசையாகச் சொல்கிறது. மூலக்கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருந்தாலும் அகப்பட்ட ஊரில் நின்று அந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பார்களா? வெளிச்சவீட்டுக்கு எதிரே தேவாலயம் மாதிரியே முகப்பு வைத்த மீரான் பள்ளிவாசல். அந்தத் தெருவில் ஒரு வயசாளி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “மட்டக்களப்பா? காத்தான்குடிப் பக்கமா? வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று தமிழில் கூப்பிட்டார். தலைமுறையாகக் கோட்டைக்குள்ளேயே இருக்கும் குடும்பம். அவரிடம் ஒரு மணித்தியாலம் கதை கேட்டிருக்கலாம். “நேரமில்ல வாப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தோம். அந்த மனுசனின் முகம் சுருங்கியது.

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்காக. எங்கள் பெரியம்மா நாவலடிக்காரி. 2004 இல் கடல் அவவிடம் இருந்து எடுத்தது எவ்வளவு என்று எங்கள் ஊரில் சொல்லத் தேவையில்லை. காலியிலும் அதே அலைதான் அடித்தது. கோட்டைக்கு வெளியே பஸ் நிலையம், கிரிக்கெட் மைதானம் எல்லாம் நாசம். ஆனால் மதிலுக்கு உள்ளே பெரிய சேதம் இல்லை. இதை யாரோ சொல்லக் கேட்டதில் இருந்து, “அந்த மதில ஒருக்காப் பார்க்கணும் மனே” என்று சொல்லிக்கொண்டே இருந்தவ. அதற்காகத்தான் அவவை இந்தப் பயணத்துக்குக் கூட்டிவந்தோம். முழங்கால் நோவோடு மெல்ல மெல்ல நடந்து மதிலடிக்கு வந்தா. கறுத்துப்போய், சிப்பியும் பவளக்கல்லும் பிதுங்கித் தெரிகிற சுவர். அதில் உள்ளங்கையை வைத்தா. “இதுக்கு மேலால வரல்லையா?” என்று கேட்டா. நான் சொல்லத் தொடங்கினேன், வான் ஹோர்ன் அடித்தது. திரும்பவும் அடித்தது. பிறகு போன். “அக்காவக் கூட்டிட்டு வாங்க தம்பி, மத்தாக்கள் வெயிலுக்குள்ள இருக்காங்க.” பெரியம்மா கையை எடுத்துவிட்டா. “சரி வா, ஆக்கள் பார்த்துக்கொண்டிருக்காங்க” என்று திரும்பி நடந்தா.

அதன் பிறகு பத்திக் கடையில் ஒன்றரை மணித்தியாலம்! குளிரூட்டி, கதிரை, குளிர்பானம், துணி மடிப்பு மடிப்பாக விரித்துக் காட்டப் பிள்ளைகள். அங்கே ஹோர்ன் இல்லை, போன் இல்லை. “ஆறுதலாப் பாருங்க” என்றார் அதே சாரதி.

காரணம் எல்லாருக்கும் தெரியும். காலிக் கோட்டைக்குள் போக டிக்கெட் இல்லை. மதிலில் நடக்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதனால் அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிசமும் ஏற்பாட்டாளருக்கு வருமானம் இல்லாத நிமிசம். கடையில் விற்கிற ஒவ்வொரு சாரத்திலும் அவருக்குக் கொமிசன் இருக்கிறது. எங்கள் நேரத்தைத்தான் விற்றுச் சாப்பிடுகிறார்கள். சாரதியும் பாவம், சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தால் அவர் ஏன் கடை கடையாக இறக்கப்போகிறார் என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. அந்தக் கணக்கை முதலிலேயே எங்களிடம் கேளுங்கள். ஆளுக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டால் தந்திருப்போம். பெரியம்மா தன் சங்கிலியை அடகு வைத்தாவது தந்திருப்பா.

கேட்டால், “சனத்துக்குக் கடைதான் விருப்பம்” என்கிறார்கள். நீங்கள் எப்போது கேட்டீர்கள்? 1988 இல் உலக மரபுரிமையாக அறிவித்த இடம் அது. எங்கெங்கேயோ இருந்து ஆக்கள் வந்து அதற்குள்ளேயே தங்கிப் பார்க்கிறார்கள். எங்கள் சனத்துக்கு அது விளங்காது என்று நீங்களே முடிவெடுக்க யார் உரிமை தந்தது? கல்முனையில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் போனவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அதே கதை, அதே வெளிச்சவீட்டுப் படம்.

சித்திரை விடுமுறைக்கு மறுகா நோட்டீஸ் அடிப்பீர்கள்தானே? அதில் எழுத்தில் போடுங்கள்: காலிக் கோட்டைக்குள் பின்னேரம் நாலு மணிக்கு இறக்குவோம், இருட்டுப்படத்தான் ஏற்றுவோம், கடைக்குப் போக விருப்பமானவர் மட்டும் போகலாம். மதிலைச் சுற்றி ஆறுதலாக நடக்க ஒன்றரை மணித்தியாலம் போதும், வயசாளிகள் குந்தி இருந்து வர இன்னும் கொஞ்சம். இதை எழுதித் தராத வானுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள் என்று எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மாவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தே தொடங்கிவிட்டேன்.