அச்சடித்துத் தரும்வரை படுத்திருங்கள்

நம் அல்சூர் குழுவில் நேற்று நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உறுப்பு தான முகாமுக்குப் பெயர் கேட்டு ஒரு செய்தி போட்டேன். வந்த பதில்: "இன்னும் அஞ்சு வருஷத்துல கிட்னியை பிரிண்ட் பண்ணிடுவாங்க, இப்போ எதுக்கு சார் இதெல்லாம்?" உயிருள்ள செல்களை அடுக்கடுக்காக வைத்து 3டி பிரிண்டரில் உறுப்பு செய்வதைச் சொல்கிறார். கூடவே ஒரு வீடியோ. அதற்குக் கைதட்டல் பொம்மைகள் வேறு.

அந்த அஞ்சு வருஷத்துக்கு என்ன வயசாகிறது தெரியுமா? 2011இல் ஆண்டனி அட்டாலா என்ற அமெரிக்க மருத்துவர் அச்சடித்த சிறுநீரகம் ஒன்றை மேடையில் காட்டினார். வடிவம்தான் சிறுநீரகம், வேலை செய்யாது. 2019இல் டெல் அவிவில் மனித செல்களை வைத்து முயல் இதயம் அளவுக்கு ஓர் இதயம் அச்சடித்தார்கள். செல்கள் சுருங்கின, ஆனால் சேர்ந்து ரத்தத்தை இறைக்கவில்லை. செல்களை அடுக்குவதைவிட அவற்றை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய பாடு. ரத்தக் குழாயிலிருந்து கால் மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் என்ற ரத்த வடிகட்டிகள் சுமார் பத்து லட்சம், ஒவ்வொன்றுக்கும் முடியைவிட மெல்லிய குழாய்ப் பின்னல். இதையெல்லாம் அந்த வீடியோவில் சொல்ல மாட்டார்கள், பின்னணி இசை கெட்டுப்போகும்.

உடனே நான் விஞ்ஞானத்துக்கு எதிரி என்பீர்கள். இதே பெங்களூரில் பண்டோரம் நிறுவனம் 2015இல் கல்லீரல் திசுவை அச்சடித்தபோது ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். 2022இல் ஹைதராபாத்தில் கருவிழி அச்சடித்து முயலுக்குப் பொருத்தினார்கள். ரத்தக் குழாயே இல்லாத கருவிழிக்கே கதை அன்று முயல்வரைதான் வந்திருந்தது. வரட்டும், சீக்கிரமே வரட்டும். நாளைக்கு வரப்போவதைக் காட்டி இன்றைக்குக் கை கழுவாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

உறுப்புத் திருட்டு நடக்கிறதே என்று ஒருவர் கேட்டார். மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போதும், மேலே போகலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும் கடைசியில் குடும்பம் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். அதனால்தான் வீட்டில் பேசுங்கள் என்று கெஞ்சுகிறேன். இந்த நாட்டில் பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட இறந்தபின் உறுப்பு தருவதில்லை.

"நீ கொடுத்தியா?" என்று தனிச் செய்தியில் கேட்ட புண்ணியவானுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்குக் கொடுக்கத்தான் போனேன். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்காவுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து குடிக்க வேண்டும். ஊசி ஏறி ஏறி அவள் இடது கை முண்டும் முடிச்சுமாகிவிட்டது. இறந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் கர்நாடக அரசு அமைப்பான ஜீவசார்த்தகதேயின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது. இருக்கிறது, அவ்வளவுதான். இவளிடம் போய்ச் சொல்லுங்கள் உங்கள் அஞ்சு வருஷத்தை.

அந்த டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கணவனுக்குக் கெட்டுப்போனால் மனைவி வரிசையில் முதலில் நிற்கிறாள். அம்மா நிற்கிறாள், தங்கை நிற்கிறாள். உயிரோடிருந்து உறுப்பு தருபவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் பெண்கள்தான். மனைவிக்கு என்று வரும்போதுதான் எல்லாருக்கும் திடீரென்று விஞ்ஞானத்தில் ஆர்வம் வந்துவிடுகிறது.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கிறார்கள். நேற்று குழுவில் வந்த அதே வாக்கியத்தை எங்கள் வீட்டு ஹாலில் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு யார் தருவது என்று டாக்டர் கேட்டு, நாங்கள் வீடு திரும்பிய அன்று மாலை. ரத்த வகை பொருந்துகிற, சர்க்கரை இல்லாத, திடமான மனிதர் ஒருவர் சோபாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இன்னும் கொஞ்ச வருஷத்துல பிரிண்ட் பண்ணிடுவாங்களாம்."

அத்தான் முகநூலில் இருக்கிறார். படிக்கட்டும்.