"ரெண்டையும் பார்த்துக்கோங்க" என்று சொன்ன பாவம்

போன வருட வியூகக் கூட்டத்தில் திரையில் ஐந்து முன்னுரிமைகள் போட்டோம். தரம், வேகம், குறைந்த செலவு, வாடிக்கையாளர் திருப்தி, புதுமை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான்.

மூன்றாவது வாரமே உறைத்தது. வெள்ளிக்கிழமை மாலை, திங்கட்கிழமை எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியீடு. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தனக்கு மட்டும் அறிக்கையில் ஒரு மாற்றம் வேண்டும் என்கிறார். டீமுக்குப் புதிதாக வந்த பெண் கேட்டார்: "இதைச் செய்யட்டுமா, தேதியைக் காப்பாத்தட்டுமா சார்?" செய்தால் வாடிக்கையாளர் திருப்தி, செய்யாவிட்டால் வேகம். எங்கள் ஸ்லைடில் இரண்டுக்கும் இடம் இருந்தது. "ரெண்டையும் பார்த்துக்கோங்க" என்றேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் உட்கார்ந்தார். வெளியீடு புதன்கிழமைக்குப் போனது.

எதைச் செய்யப்போவதில்லை என்று தேர்ந்தெடுப்பதுதான் வியூகம் என்று ஹார்வர்டின் மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1996-லேயே எழுதிவிட்டார். அவர் காட்டியது விமான நிறுவனங்களை. அமெரிக்காவின் மலிவுக் கட்டண நிறுவனமான அன்றைய சவுத்வெஸ்ட் சாப்பாடு தராது, இருக்கை ஒதுக்காது, போயிங் 737 தவிர வேறு விமானம் வைத்துக்கொள்ளாது. அதனால்தான் தரையிறங்கிய விமானம் சட்டென்று மறுபடி கிளம்பும், கட்டணமும் குறைவு. இதைப் பார்த்து இன்னொரு அமெரிக்க நிறுவனமான கான்டினென்டல் 1993-ல் 'கான்டினென்டல் லைட்' என்ற மலிவுக் கட்டணச் சேவையை ஆரம்பித்தது. சாப்பாட்டை நிறுத்தினார்கள், கட்டணத்தைக் குறைத்தார்கள். ஆனால் பல ரக விமானங்கள், இருக்கை ஒதுக்கீடு, டிக்கெட் விற்கும் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் என்று பழையதை விட மனசு வரவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். 1995-ல் அந்தச் சேவையை மூடினார்கள்.

அதனால் இந்த முறை ஒரே வரிதான் எழுதினோம்: "ஒருவருக்கான தனி வசதியை விட்டாவது, எல்லாருக்குமான வெளியீட்டுத் தேதி." விடப்படுவதும் நல்ல விஷயமாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். 'மோசமான தரத்தை விட்டாவது நல்ல தரம்' என்று எழுத வியூகக் கூட்டம் எதற்கு? இந்த ஒரு வரிக்கு விற்பனைப் பிரிவோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினோம். யாருக்கும் வலிக்காமல் கையெழுத்தாகும் வரியை இனி நான் நம்பமாட்டேன்.

விதிவிலக்கே கிடையாதா என்று கேட்டார்கள். உண்டு. ஆனால் மேலே இருப்பவர்தான் கேட்க வேண்டும். தேதி தள்ளிப்போகிறது என்று மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அவரே போன் போட வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

போன மாதம் அதே வாடிக்கையாளர், அதே மாதிரி கோரிக்கை. அந்தப் பெண் என்னிடம் வரவே இல்லை. "அடுத்த வெளியீட்டில் சேர்க்கிறோம்" என்று அவரே பதில் எழுதிவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை காலை விற்பனை மேலாளர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். அந்த வரிக்குக் கீழே இருந்த அவருடைய கையெழுத்தைத்தான் காட்டினேன்.